பாறைக்குப் போன வகுப்பு

என் பாடக் குறிப்பேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி இருந்தது. "கருவி வந்துவிட்டது. ஆசிரியரைக் காணோம்." எழுதியவர் எங்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர். எங்களுக்கு அவர் வெறும் மேடம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுத்தான் யாரையும் பார்ப்பார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அவர் அப்படி எழுதியது நியாயம்தான், இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லியிருக்க மாட்டேன். தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி ஒரு தேர்வுப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்பது எங்கள் படிப்பின் விதி. முதல் ஆண்டில் அடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நடத்தினேன். பூ மலர்வது, மழை பெய்வது, தவளை தாவுவது என்று எல்லாம் அசைகிற மாதிரி முப்பது ஸ்லைடு செய்து எடுத்துப் போயிருந்தேன். புரொஜெக்டரை மாட்டினேன், கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். பத்து நிமிடம் இப்படியே போனது. "ஏதாவது பேசும்மா" என்றார் மேடம். எனக்குக் கோபம் எப்போதும் வரக் கூடாத இடத்தில்தான் வரும். "கரண்ட் இல்லன்னா நான் இன்னா மேடம் பண்றது?" என்று கேட்டுவிட்டேன். சிவப்பு மை வந்தது, கூடவே தோல்வியும் வந்தது.

இரண்டாம் ஆண்டில் அதை மறுபடி நடத்திக் காட்ட ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அதிலும் போனால் ஒரு வருடம் வீண். அப்பா படவேட்டில் கோயில் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். "போனா போவுது, கடையில வந்து குந்து. தேங்கா விக்க கரண்டா வோணும்?" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலுக்குப் பயந்தே நான் பாஸாக வேண்டியிருந்தது.

கற்பித்தல் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஒரு சமையல் கூடம், வாசலில் ஒரு புளியமரம். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் பத்தொன்பது பிள்ளைகள். அவர்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, தலைமை ஆசிரியை அடுத்த அறையில் நான்கும் ஐந்தும் நடத்தினார். அவர் வீட்டிலேயே எனக்கு ஒரு அறையும் கொடுத்தார். நல்ல மனுஷி. ஆனால் அவருக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு பதிவேட்டை நிரப்ப வேண்டியிருக்கும். எதைக் கேட்டாலும் தலை நிமிராமல் "செய்ங்க, செய்ங்க" என்பார்.

என் வகுப்பில் சுவரில் பெரிய டி.வி. ஒன்று இருந்தது. மேசை இழுப்பறையில் சிம் போட்ட ஒரு டேப்லெட்டும் இருந்தது. மலைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள் என்ற நினைப்பில்தான் முதல் நாள் பென் டிரைவைச் சொருகினேன். பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு யானை ஆடி வந்தது. முன்வரிசையில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று விழுந்த வாய்.

"மிஸ், இந்தப் பாட்ட தள்ளிவுட்டு அப்பாலேர்ந்து போடுங்க மிஸ். இத எங்க மாமா போன்ல பாத்துட்டோம்."

எனக்கு முகம் தொங்கிப்போனது. அன்று முதல் அந்த இரட்டைப் பின்னல்தான் வகுப்புத் தலைவி. நான் நியமிக்கவில்லை, அவளே பொறுப்பேற்றுக்கொண்டாள்.

மறுநாள் வேறு ஒன்று முயன்றேன். ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கட்டும், டேப்லெட்டில் பதிவு செய்து அவரவர் குரலை அவரவருக்கே போட்டுக் காட்டலாம் என்று திட்டம். முதலில் ஒரு பையனிடம் கொடுத்தேன். வாங்கியவன் நேரே ஜன்னலுக்குப் போனான். டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கினான். கிழக்கே பார்த்து, "அலோ! கேக்குதா? நான் பாடம் படிக்கிறேன்!" என்று நரம்பு புடைக்கக் கத்தினான். அடுத்த அறையிலிருந்து தலைமை ஆசிரியை, "கேக்குது, கேக்குது" என்றார். சரி, ஒருவன் விளையாடுகிறான் என்று அடுத்தவளிடம் கொடுத்தேன். அவளும் அதையே செய்தாள். பத்தொன்பது பேரும் செய்தார்கள். அன்று சாயங்காலம் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

காரணம் டவர் பாறை. அந்த ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்த ஒரே இடத்தில்தான். பள்ளிக்குப் பின்னால் ஐம்பது அடி நடந்தால் இடுப்பளவு உயரத்தில், மேலே தட்டையாக இருக்கும். அதில் ஏறி, கிழக்கே பார்த்து, போனைத் தலைக்கு மேல் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் கத்திப் பேச வேண்டும். கையைக் கொஞ்சம் இறக்கினாலும் போச்சு. பிறந்ததிலிருந்து பிள்ளைகள் பார்த்த போன் பேச்சு அதுதான்.

பாறைக்கு ஒரு வழக்கமும் உண்டு. மேலே ஒருவர் பேசும்போது, கீழே முறைக்குக் காத்திருப்பவர்கள் முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் சாப்பிட்டானா, செங்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் மாமியாருக்கும் என்ன தகராறு, இரண்டு பக்கப் பேச்சும் ஊருக்கே கேட்கும். ஆனால் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. பேசி இறங்கியவரிடம் "இன்னா சமாச்சாரம்?" என்று புதிதாக விசாரிப்பார்கள். அவரும் சளைக்காமல் முதலிலிருந்து சொல்வார். நான் முதல் தடவை ஏறியபோது வெட்கப்பட்டுக் குசுகுசுவென்று பேசினேன். "இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று அப்பா போட்ட சத்தத்தில் கீழே ஒரு முதுகு குலுங்கியது. மற்றபடி ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தார்கள். எனக்கு அந்த மரியாதை மிகவும் பிடித்துப்போனது.

பாடத்துக்கு வீடியோ எதையாவது இறக்குவதென்றாலும் பாறைக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகளைத் தனியே விட முடியாது. அதனால் காலை வழிபாடு முடிந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி "ரெடியா?" என்பேன். "ரெடி மிஸ்!" என்று கூரை அதிரும். பாறைக்கு நடப்போம். ஒருவர் மேலே ஏறி டேப்லெட்டைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் வாயில் விரல் வைத்து நிற்பார்கள். பேசினால் நெட் நின்றுவிடும் என்று ஒரு பையன் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தான். அந்த அமைதி எனக்கு வசதியாக இருந்ததால் நான் மறுக்கவில்லை. வீடியோ இறங்க இறங்கத் திரையில் ஓடும் எண்ணை மேலே நிற்பவர் விரலால் காட்டுவார், மற்றவர்கள் உதடு மட்டும் அசைய எண்ணுவார்கள். அந்த வருடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு வரை எண்ணக் கற்றது இப்படித்தான். அறுபத்து மூன்றில் நின்றுவிட்டால் கண்ணாலேயே கெஞ்சுவார்கள்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோது, வியாழக்கிழமை மேடம் வருகிறார் என்று தகவல் வந்தது. அதே மேடம், அதே மூக்குக்கண்ணாடி.

மூன்றாம் வகுப்புக்கு 'நம் ஊர் வரைபடம்' எடுத்துக்கொண்டேன். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அவர்களுடைய ஊரையே டி.வி.யில் காட்ட வேண்டும், எந்தப் பக்கம் பள்ளி, எந்தப் பக்கம் ஏரி என்று அவர்களே சொல்ல வேண்டும். இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது என்று எனக்கு ஒரே கர்வம். புதன்கிழமை மத்தியானம் ஒத்திகை பார்த்தேன். டி.வி. முழுக்கச் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக வந்தது. வகுப்பறையில் சிக்னல் ஏது?

"மிஸ், இதான் எங்க ஊரா?" என்றான் ஒருவன்.

"வாய மூடிக்கினு குந்து!" என்று எரிந்து விழுந்தேன். அவன் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் என்மேலேயே ஆத்திரம் வந்தது. பள்ளி விட்டதும் நேரே பாறைக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"படம் ஓடலப்பா! நாளைக்கும் இப்டியே ஆச்சுன்னா நான் ஃபெயிலுப்பா! அந்த மேடம் என்ன வுடாது!"

"அழுவாதம்மா! கடை எங்க போய்டப் போவுது?"

அந்தக் கடையை நினைத்ததும் அழுகை இன்னும் பொங்கியது. பாறையின் உச்சியில், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விக்கி விக்கி அழுதேன். கீழே ஐந்தாறு முதுகுகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் நொண்டி ஆடிக்கொண்டிருந்த என் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் ஆட்டத்தை நிறுத்தி, முறைப்படி மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். இரட்டைப் பின்னலும் அதில் இருந்தாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கியதும் ஒரு பெரியவர் எழுந்தார்.

"இன்னா டீச்சரே, உங்க ஊர்ல மழைங்களா?"

"ஆமாங்க" என்றேன். "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் பாறையில் ஏறினார்.

எல்லோரும் பேசி முடித்து வீட்டுக்குப் போனபிறகும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாறையில் சிக்னல் இருக்கிறது. இங்கே படத்தைத் திறந்து, அப்படி அப்படியே போட்டோவாகப் பிடித்து வைத்துக்கொண்டால், வகுப்பில் சிக்னல் எதற்கு? மறுபடி ஏறினேன். ஊர் முழுவதும் ஒன்று, பள்ளி ஒன்று, ஏரி ஒன்று என்று பன்னிரண்டு படம் பிடித்தேன். வகுப்பறையைத் திறந்து டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. இதைப் பார்க்கப் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை திருப்பத்தூரிலிருந்து வரும் பஸ்ஸில் மேடம் வருவதாக ஏற்பாடு. டேப்லெட்டை மேசைமேல் வைத்துவிட்டு இரட்டைப் பின்னலிடம் சொன்னேன். "நான் போய் மேடத்த கூட்டிட்டு வர்றேன். எல்லாரும் ரெடியா இருங்க."

"ரெடி மிஸ்!" என்றார்கள் கோரஸாக.

மேடம் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி பஸ்ஸை விட்டு இறங்கினார். மலை வளைவுகள் அவரை ஒரு வழி பண்ணியிருந்தன. பள்ளிக்கு நடந்தோம். வகுப்பறைக் கதவைத் தள்ளினேன். பத்தொன்பது பைகள் வரிசையாக இருந்தன. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, நீலமாக, வெறுமையாக. டேப்லெட்டைக் காணோம். ஒரு பிள்ளையையும் காணோம்.

மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "போன தடவ டீச்சரத்தான் காணோம். இந்தத் தடவ பசங்களையே காணோமேம்மா."

அடுத்த அறைக்கு ஓடினேன். "டீச்சர், பசங்க எங்க?" தலைமை ஆசிரியை பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெடின்னு சொல்லிட்டு வரிசையா போனாங்களே. செய்ங்க, செய்ங்க."

வேறெங்கே போயிருப்பார்கள்? பள்ளிக்குப் பின்னால் ஓடினேன். டவர் பாறையைச் சுற்றிப் பதினெட்டுப் பிள்ளைகள் வாயில் விரல் வைத்து நின்றார்கள். பாறைமேல் இரட்டைப் பின்னல் இரண்டு கையாலும் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ தெரியவில்லை.

"யார் உங்கள இங்க வரச் சொன்னது?" என்று கத்தினேன். என் ஒரு வருடம் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மேடமும் பின்னால் வந்து நின்றார்.

இரட்டைப் பின்னல் பேச வாயைத் திறந்தாள். உடனே பதினெட்டுப் பேரும் சட்டென்று திரும்பிப் பாறைக்கு முதுகைக் காட்டினார்கள். பாறையில் ஒருவர் பேசும்போது அப்படித்தானே செய்ய வேண்டும்?

"நேத்து நீங்க உங்கப்பாகிட்ட பேசனீங்க இல்ல மிஸ்" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாங்க கேக்கல மிஸ். ஆனா கேட்டுடுச்சி."

நான் பாறையை ஒட்டி வந்து நின்றேன்.

"படம் ஓடலன்னா நீங்க ஃபெயிலுன்னு சொன்னீங்க. ரூம்ல ஓடாது மிஸ். இங்க ஓடுது. பாருங்க, ஓடுது." டேப்லெட்டை மெல்ல இறக்கி என் பக்கம் திருப்பினாள். ஊர் முழுசாகத் தெரிந்தது. பள்ளிக்கூரை, ஏரி, வளைந்து போகும் ரோடு, எல்லாம்.

பன்னிரண்டு படம் பிடித்து வைத்திருக்கிறேன், வகுப்பிலும் ஓடும் என்று அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. இந்தப் பிள்ளைகள் என் அழுகையைக் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி வீட்டுக்குப் போய், காலையில் வந்து என்னைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்கள். மேடத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மேல ஏற ஏதாவது புடிச்சிக்க இருக்கா?" என்றார் மேடம். இரண்டு பையன்கள் ஓடிவந்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். பாறையின் ஓரத்தில் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பது நிமிஷம். தொடங்கும்மா."

தொடங்கினேன். எப்படித் தொடங்கினேன் என்று கேட்டால் தெரியாது. குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த ஆர்வமூட்டல் வினாக்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "உங்க வூட்ட கண்டுபுடிங்க பாக்கலாம்" என்றேன், அவ்வளவுதான். பாறை முழுக்கத் தலைகள் குவிந்தன. வகுப்பறைக்காக நான் பிடித்து வைத்த படத்தில் இந்த வசதி கிடையாது. இங்கே விரலை வைத்து இழுத்தால் ஊர் கிட்டே வந்தது. படம் கட்டம் கட்டமானால் ஒருவன் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கி, தெளிந்ததும் இறக்குவான். தன் வீட்டுப் புளியமரத்தை ஒருத்தி முதலில் பிடித்தாள். அங்கிருந்து மேற்கே போனால் இவன் வீடு, அதற்கு வடக்கே சாமைக் கொல்லை என்று அவர்களே திசை சொல்லிக்கொண்டு போனார்கள். கை நீட்டித் திரும்பினால் அந்தக் கொல்லையே எதிரே தெரிந்தது. நேற்று நான் எரிந்து விழுந்த பையன்தான் ஒரே அழுகை. "எங்க மாடு இல்ல மிஸ்!"

"மேய்ச்சலுக்குப் போயிருக்கும்டா" என்றேன். அவனுக்குச் சமாதானம் ஆயிற்று.

இரட்டைப் பின்னலுக்கு வேறு வழக்கு. "இது எங்க வூடு இல்ல மிஸ். இதுல ஓடு போட்டிருக்குது. எங்க வூட்டுக்குத் தளம் போட்டாச்சு."

மேடம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அப்ப படம் பொய் சொல்லுதா?"

அவள் யோசித்தாள். "பொய் இல்ல மேடம். அப்ப வந்து பாத்துட்டுப் போனது. அப்புறமா வந்து பாக்கல." பிறகு கேட்டாள், "உங்க வூடு எங்க மேடம்?"

மேடம் டேப்லெட்டை வாங்கினார். திருப்பத்தூரைத் தேடி விரலை இழுத்ததில் எங்கோ ஆந்திரா பக்கம் போய்விட்டார். "மெதுவா மேடம். அவசரப்பட்டா ஊரு தாண்டிடும்" என்று இவள் அவர் விரலைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். தெரு கிடைத்தது. மொட்டை மாடியில் கறுப்பாக ஒரு புள்ளி. "தோ, எங்க தண்ணித் தொட்டி!" என்றார் மேடம். கண்ணாடி மூக்கு நுனியில்தான் இருந்தது, ஆனால் அவர் சிரித்தார். பத்தொன்பது பேரும் அந்தத் தண்ணீர்த் தொட்டியை வரிசையில் வந்து பார்த்தார்கள்.

அப்போது திரை அணைந்தது. அழுத்தினேன், வரவில்லை. படம் பிடித்த சந்தோஷத்தில் சார்ஜ் போட மறந்திருந்தேன். ஒரு நொடி, அந்த அடிவாரத்துப் பள்ளிச் சுவர் என் கண் முன்னால் வந்து போனது. டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்திருந்த பையனிடம் கையை நீட்டினேன். பாறைமேல் ஒரு கட்டம் போட்டேன். "இது நம்ம பள்ளிக்கூடம். மீதிய நீங்க போடுங்க" என்றேன். ரோடு வந்தது, ஏரி வந்தது, இரட்டைப் பின்னல் தன் வீட்டைத் தளத்தோடு போட்டாள். மாட்டுக்காக அழுத பையன் அதை ஏரியைவிடப் பெரிதாகப் போட்டான். அளவு பற்றிச் சண்டை வந்தது, அதையும் பாடமாக்கினேன். நாற்பது நிமிடம் முடிந்தது எனக்குத் தெரியவில்லை. மேடமும் சொல்லவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என் குறிப்பேட்டை வாங்கினார். 'பாடம் நடந்த இடம்' என்ற வரியில் நான் எழுதியிருந்த 'வகுப்பறை'யை அடித்துவிட்டு, 'பாறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ் ஏறும்போது எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மார்க்க நான் சொல்லக் கூடாது. நீ உங்கப்பாவுக்கு போன் பண்ணிடு."

சாயங்காலம் பாறைக்குப் போனேன். வழக்கமாக ஐந்தாறு பேர் இருக்கிற இடத்தில் அன்று பாதி ஊர் இருந்தது. சமையல்கார அம்மா இருந்தார், மழையைப் பற்றிக் கேட்ட பெரியவர் இருந்தார், தலைமை ஆசிரியை மடியில் ஒரு பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள். யாருக்கும் போன் பேச வேண்டிய அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. "நீங்க மொதல்ல பேசுங்க டீச்சர்" என்று வழிவிட்டு, எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சாக்பீஸ் ஊரை மிதிக்காமல் ஏறி நின்று கையைத் தூக்கினேன்.

"அப்பா! பாஸுப்பா!"

"இன்னா? கேக்கல!"

"பாஸு! நான் பாஸாய்ட்டேம்பா!"

அப்பாவின் குரல் உடைந்து வந்தது. "அப்போ கடைக்கு வேற ஆளத்தான் பாக்கணுமா?"

கீழே எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் விசிலடித்தார்கள். தலைமை ஆசிரியை பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். ஆனால் ஒருவர்கூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.